ரேஸ் இன்ஜினியர் ஆக வேண்டுமா? ஒரகடம் லைனிலிருந்து இருங்காட்டுக்கோட்டை பிட் வரை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும் இருக்கிறது, 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட ரேஸ் டிராக்கும் இருக்கிறது. இரண்டில் டிராக்தான் மூத்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இதைத் திறந்தது. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-இல். ஒரகடம் பக்கம் போனால் 2010-இல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து தொடங்கிய ஆலை, 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகளுக்காகத் திறந்த டைம்லர், 2013-இல் வந்த ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்குப் பார்ட் செய்து கொடுக்கும் வெண்டர்கள் சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று பரவிக் கிடக்கிறார்கள்.

மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் மனதுக்குள் ஃபார்முலா ஒன்னை வைத்துக்கொண்டு வருகிறார்கள். கையில் கிடைப்பது பி ஷிப்ட். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சில மாதங்களில் வெறுத்துப்போகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரேஸிங்கை மட்டும் நம்பி மாதச் சம்பளம் வாங்கும் இன்ஜினியர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அந்த வேலைகளும் சீசனோடு வந்து சீசனோடு போகும். ஆனால் அந்தத் தொழிலுக்கு வேண்டிய புத்தியையும் கையையும் பழக்க, ஆலையும் டிராக்கும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இடம் நாட்டில் அரிது. வண்டி என்ன செய்தது என்பதை அளந்து, உள்ளது உள்ளபடி எழுதி வைப்பவர்தான் இன்ஜினியர். லைனிலும் பிட்டிலும் கேட்பது அதைத்தான்.

செய்ய வேண்டியவை

லைனில் நில்லுங்கள். டிரெய்னியாகச் சேர்ந்தவுடன் டிசைன் மேஜை கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், டிரிம், செயின், கடைசியில் வண்டியை ஸ்டார்ட் செய்து சோதிக்கும் இடம் என்று எங்கே விட்டாலும் அங்கே நின்று பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு கார் இறங்கும் லைனில் பத்து நிமிடம் நின்றுபோனால் பத்து கார் போச்சு. அந்த நெருக்கடியில் எதை முதலில் பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது, எதைத் தொடாமல் இருப்பது என்று கற்றவர், தகுதிச் சுற்றுக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது கியர் விழாத வண்டியைக் கண்டு பதறமாட்டார். லைனில் நிற்கும் ஆப்பரேட்டர் அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நியூமேட்டிக் கன்னின் சத்தம் மாறியதை வைத்தே போல்ட் மரை கடித்துக்கொண்டது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்தக் கல்லூரிப் பாடத்திலும் அது கிடையாது.

டார்க் என்ற எண்ணை நம்பும் முன் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இத்தொழிலில் உயிர் போகும் தவறுகள் பல இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. டார்க் ரென்ச் "க்ளிக்" என்றதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நாம் கொடுக்கும் முறுக்கில் பாதியளவு போல்ட் தலைக்கு அடியில் உராய்வில் போகிறது. ஏறத்தாழ 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மிச்சமுள்ள சுமார் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் மரையில் துளி எண்ணெய் பட்டாலே கணக்கு மாறிவிடும். உராய்வு குறையும், அதே டார்க்கில் இழுவிசை கூடும், போல்ட் நீண்டு பலமிழக்கும். துருப்பிடித்த மரையில் நேர் எதிர்: ரென்ச் க்ளிக் என்று சொல்லும், பிடிமானம் இருக்காது. ஆலையில் எந்த போல்ட்டுக்கு எண்ணெய் விடலாம், எதற்குக் கூடாது, எதை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது என்று ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனில் எழுதி வைத்திருப்பது இதனால்தான். அதைப் படித்து, ஏன் என்று கேட்டு, விடையோடு டிராக்குக்குப் போங்கள். சக்கர நட்டை இறுக்கிய பிறகு பெயிண்ட் மார்க்கரால் கோடு போடும் பழக்கத்தையும் லைனிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

டயரிலிருந்து தொடங்குங்கள். ரேஸ் என்றதும் இன்ஜினைப் பற்றிப் பேசவே எல்லோருக்கும் ஆசை. சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 20 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறீர்கள் என்று வையுங்கள். சில சுற்றுகள் ஓடி உள்ளிருக்கும் காற்று 80 டிகிரிக்குப் போனால் அதே டயரில் 25 அல்லது 26 பி.எஸ்.ஐ. காட்டும். பிளஸ் டூ இயற்பியலில் படித்த வாயு விதிதான். கேஜ் காட்டுவதோடு காற்றுமண்டல அழுத்தம் 14.7-ஐக் கூட்டி, வெப்பநிலையைக் கெல்வினில் போட்டால் கணக்கு சரியாக வரும். ஆகவே வண்டி ஓடும்போது டயரில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிப் போய்க் காலையில் எவ்வளவு வைப்பது என்று கணக்கிட வேண்டும். மே மாதத்து ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் காலை அளவு மதியத்துக்கு உதவாது. வண்டி பிட்டுக்குள் வந்த உடனே டயரின் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களில் வெப்பத்தைக் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று கூடுதல். உட்பக்கம் மிக அதிகம் என்றால் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைப் பார்க்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் நேரத்தோடு எழுதி வைத்தால், லட்சக்கணக்கில் செலவாகும் சென்சார்கள் இல்லாமலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மார்ஷலாகப் போங்கள். ரேஸ் நடத்த வளைவுக்கு வளைவு கொடி பிடிக்கவும், வண்டியை இழுக்கவும், ரேஸுக்கு முன் வண்டிகளைச் சோதிக்கும் ஸ்க்ருட்டினியில் உதவவும் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். பார்வையாளராக மாடத்தில் உட்கார்ந்து பத்து ரேஸ் பார்ப்பதைவிட, ஸ்க்ருட்டினியில் ஒரு நாள் நிற்பது பயன் தரும். ஹெல்மெட்டில் எந்த முத்திரை செல்லும், சீட் பெல்ட் எப்போது காலாவதி ஆகும், பேட்டரி கட்-ஆஃப் எங்கே இருக்க வேண்டும், எந்த வண்டியை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் கண்முன் நடக்கும். அணிகளின் மெக்கானிக்குகள் உங்கள் முகத்தையும் தெரிந்துகொள்வார்கள். இந்தச் சின்ன உலகத்தில் வேலை பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது.

கையில் கிடைக்கும் பார்ட்டை வைத்துக் கட்டப் பழகுங்கள். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதனை நினைத்துப் பாருங்கள். 1980-களின் இறுதியில் இறக்குமதி ரேஸ் கார் யாருக்கும் எட்டாத காலத்தில், வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயங்களை இந்த டிராக்கில் ஓட்டியது அந்த வகைக் காரில்தான். 2005-இல் ஜோர்டான் அணியில் அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்து டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மண்ணில் மோட்டார்ஸ்போர்ட் இன்ஜினியரிங் என்று ஒன்று உண்டென்றால் அதன் முதல் பாடம் அவர் கொடுத்தது: சந்தையில் கிடைப்பதை வைத்து, பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யக்கூடிய வண்டியைக் கட்டு.

கல்லூரியில் இருந்தால் மாணவர் ஃபார்முலா அணியில் சேருங்கள். செட்டிப்பாளையத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத், எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் சுப்ரா, பாஹா என்று வாய்ப்புகள் உண்டு. ஆனால் வெல்டிங் செய்யவும் ஓட்டவும் மட்டும் அடித்துக்கொள்ளாதீர்கள். ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளின் வழக்கமான 1000 புள்ளிகளில் 325 புள்ளி, கார் ஓர் அடி நகராமலேயே கிடைப்பது: வடிவமைப்பு விளக்கம் 150, செலவு அறிக்கை 100, வணிகத் திட்டம் 75. செலவு அறிக்கையை யாரும் விரும்புவதில்லை. கடைசி ஆளின் தலையில் கட்டுவார்கள். அதை நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஒரு பிராக்கெட்டை எந்தத் தகட்டில் வெட்டி, எத்தனை மடிப்பு மடித்து, என்ன செலவில் செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளையை ஒரகடத்து வெண்டர் கம்பெனி நேர்முகத் தேர்விலிருந்து வெறுங்கையோடு அனுப்பாது.

எந்த வேலை எங்கே நடக்கிறது என்று தெரிந்து விண்ணப்பியுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் உருவாகிறது. ஹூண்டாயின் இந்திய ஆராய்ச்சி மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. ரெனோவும் நிஸானும் தொடங்கிய ஆலை ஒரகடத்தில். அவற்றின் தொழில்நுட்ப மையம் மறைமலைநகரைத் தாண்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டியில். மோதல் சோதனையும் வண்டிச் சான்றளிப்பும் பிடிக்கும் என்றால் ஒரகடத்திலேயே மத்திய அரசின் நேட்ரிப் திட்டத்தில் அமைந்த ஜி.ஏ.ஆர்.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இருசக்கர ரேஸிங் பிடிக்கும் என்றால் 1982 முதல் ரேஸ் அணி வைத்திருக்கும் டி.வி.எஸ். ஓசூரில் இருக்கிறது.

பெரிய பெயர்ப்பலகை கிடைக்கவில்லை என்றால் வெண்டரிடம் சேருங்கள். இரண்டாம்தர வேலை என்று நினைக்க வேண்டாம். பெரிய ஆலையில் நூறில் ஒரு பங்கு வேலையைப் பார்ப்பீர்கள். சின்ன இடத்தில் டை, ஃபிக்ஸ்சர், ரிஜெக்‌ஷன், கஸ்டமர் ஆடிட், லாரி லேட்டான சண்டை எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். மூன்று ஆண்டில் முழு மனிதராகிவிடுவீர்கள்.

மின்வண்டியில் வேலை என்றால் ஆரஞ்சு நிறக் கேபிளுக்கு மரியாதை கொடுங்கள். 60 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் தாண்டினாலே அது உயர் மின்னழுத்தம். தனியாளாகத் திறக்காதீர்கள். மெயினைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி கழற்றிவிட்டு வர வேண்டும்.

செய்யக்கூடாதவை

பெங்களூரு நெடுஞ்சாலையில் ரேஸ் ஓட்டாதீர்கள். ஞாயிறு விடியலில் பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை பைக்குகள் கிழித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். ஓட்டுகிறவர்களில் இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டரில் விநாடிக்கு 33 மீட்டர் கடக்கிறீர்கள். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒன்றரை விநாடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்னரே 50 மீட்டர் போய்விடும். வெளிச்சமில்லாமல் ஓரத்தில் நிற்கும் கண்டெய்னர் லாரிக்கு அந்த 50 மீட்டர் தெரியாது. டிராக்கில் ஓடுவதற்கு வழி இருக்கிறது: பயிற்சிப் பள்ளிகள் உண்டு, போட்டி உரிமம் தர இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உண்டு. ஆம்புலன்ஸும் மார்ஷலும் நிற்கும் இடத்தில் ஓட்டுங்கள்.

வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். "கம்பெனி ரோல்", "ஆறு மாதத்தில் பர்மனென்ட்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்களில் பல, முன்பணம் வாங்கும் ஏஜென்டுகளுடையவை. அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். சேரும் முன் ஆர்டரில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்: ஆலையா, கான்ட்ராக்டரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. யார் கட்டுகிறார்கள்? அப்ரன்டிஸ் என்றால் பயிற்சிக் காலம் எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு? கூச்சப்படாமல் கேளுங்கள். பெண் பிள்ளைகள், இரவு ஷிப்டில் பஸ் எந்த இடம் வரை கொண்டுவிடும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். டேம்பரையும் டயர் காற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு அரை விநாடி குறைந்தது என்று மகிழ்ந்தால், எது குறைத்தது என்று நாளைக்குச் சொல்ல முடியாது. அரை விநாடி அற்பமல்ல. பத்துச் சுற்றில் அது 5 விநாடி. 120 கிலோமீட்டர் வேகத்தில் 165 மீட்டருக்கு மேல். அதை இன்னொரு நாள் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். செட்டப் ஷீட்டில் மாற்றியதையும், ஓட்டுநர் தன் வார்த்தையில் சொன்னதையும் எழுதுங்கள். "முன்னாடி போகவே மாட்டேங்குது" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள்; அண்டர்ஸ்டீயர் என்று நீங்கள் மொழிபெயர்க்கும்போது, எந்த வளைவில், நுழையும்போதா வெளியேறும்போதா என்ற விவரம் காணாமல் போய்விடும்.

"ஆப்பரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள். ரிஜெக்‌ஷன் வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கும் படிவத்தை நிரப்புவோம். முதல் ஏனுக்கே மனிதர்மேல் பழி போட்டு மூடிவிடுவது எளிது. பார்ட்டைத் தலைகீழாகப் போட்டார் என்றால், தலைகீழாகப் போட முடிகிற மாதிரி ஃபிக்ஸ்சரைச் செய்தது யார்? ஒரு பின் வைத்திருந்தால் தப்பாகப் பொருந்தவே பொருந்தாது. டிராக்கில் இதற்கு இணையான வாக்கியம் "டிரைவர் எரர்". எழுதும் முன் டேட்டாவைப் பாருங்கள். பிரேக் பெடல் மூன்று சுற்றாக ஆழமாகப் போய்க்கொண்டிருந்ததா? எண்ணெய் கொதித்ததா? தவறு மனிதருடையது என்று முடிவு செய்த நிமிடத்தில் வண்டியில் தேடுவதை நிறுத்திவிடுகிறீர்கள். அடுத்த வாரம் அதே வண்டியில் இன்னொருவர் உட்காருவார்.

எண்ணைத் திருத்தாதீர்கள். அளவு ஸ்பெக்கைவிட நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது, லாரி வாசலில் நிற்கிறது, மேலே இருப்பவர் "போட்டு விடு" என்கிறார். டீவியேஷன் கேட்டு கையெழுத்து வாங்கும் முறை எல்லா ஆலையிலும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ரிப்போர்ட்டில் வேறு எண் எழுதும் பழக்கம் ஒருமுறை வந்தால் அந்தக் கையை எந்த வண்டிக்கும் நம்ப முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

கடன் வாங்கி வெளிநாடு போவதை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான ஃபார்முலா ஒன் அணிகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்களில் மோட்டார்ஸ்போர்ட் முதுகலைப் படிப்பும் உண்டு. நல்ல படிப்புகள்தான். ஆனால் பட்டம் வேறு, அங்கே வேலை பார்க்கும் விசா வேறு. அப்பா நிலத்தை அடமானம் வைக்கும் முன் இரண்டு மூன்று ஆண்டு இங்கே வேலை பாருங்கள். கையில் தொழில் இருந்தால், அங்கே ரேஸ் அணி எடுக்காவிட்டாலும் ஒரு பிரேக் கம்பெனியோ டேம்பர் கம்பெனியோ எடுக்கும்.

கம்பெனி பெயரை உங்கள் பெயராக நினைக்காதீர்கள். மறைமலைநகர் ஃபோர்டில் சேர்ந்தவர்கள் அங்கேயே ஓய்வு பெறுவோம் என்றுதான் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையோடு கார் வருவது நின்றது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014-இல் மூடியதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஐடி கார்டு வாசலில் செல்லாமல் போகும் நாளிலும் உங்களுக்கு வெல்டிங் டிஸ்டார்ஷன் தெரியும், என்.வி.எச். என்னும் சத்தமும் அதிர்வும் தெரியும், பிரேக் தெரியும் என்று ஒன்றையாவது ஆழமாகச் சொல்ல முடிய வேண்டும்.

சி ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டாதீர்கள். கம்பெனி பஸ் இருக்கிறது. ரேஸ் வார இறுதியிலும் இதே விதிதான்: இரவெல்லாம் கியர்பாக்ஸ் இறக்கியவர் காலையில் சக்கர நட்டை இறுக்கக்கூடாது, இறுக்கினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

மேடையில் நிற்பவரை மட்டும் பார்க்காதீர்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். சில நாள் முன்பு பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதியதையும் எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு காரை 24 மணி நேரம் ஓட வைக்க எரிபொருள், டயர், பிரேக் பேட் என்று கணக்குப் போட்டபடி எத்தனை பேர் தூங்காமல் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் போக விரும்பும் இடம் அது. அங்கே கேமரா வராது.

டிப்ளமா, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரேஸ் அணிகளில் நல்ல மெக்கானிக் கிடைப்பது நல்ல இன்ஜினியர் கிடைப்பதைவிடக் கடினம். உங்கள் கை சுத்தமாகவும் நோட்டுப் புத்தகம் ஒழுங்காகவும் இருந்தால் பட்டம் யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த ரேஸ் வார இறுதி எப்போது என்று கிளப்பிடம் கேளுங்கள், அந்த நாட்களுக்கு இப்போதே ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள், மார்ஷலாகப் பெயர் கொடுங்கள். ஒரகடத்துக்கு இருங்காட்டுக்கோட்டை பக்கம்தான்.